கம்பளியக்காவின் பதினெட்டு டிகிரி

மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் ஈ காக்கை இல்லை. மின்விசிறி மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பளியக்கா கதவைத் திறந்து, கையை மட்டும் உள்ளே நீட்டி, பார்க்காமலே சுவிட்சைத் தட்டுகிறாள். அடுத்து கோப்பு அறை. அதற்கடுத்து வராந்தா விளக்கு. "ஆளில்லாத ரூம்ல ஃபேன் யாருக்குய்யா சுத்துது? பேய்க்கா வேர்க்குது?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டே படியிறங்குகிறாள். கீழ்த்தளத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் பாதியை அணைத்திருப்பாள். ஒருமுறை கழிவறைக்குள் இருட்டில் மாட்டிக்கொண்ட கணக்குப் பிரிவுக்காரர் இன்றைக்கும் அவளைக் கண்டால் முறைப்பார்.

கீழே இருப்பது அவளுடைய அறை. கண்ணாடிக் கதவு, வரிசையாக இரும்பு அலமாரிகள், அலமாரிக்குள் அடுக்கடுக்காகக் கணினிகள். மேலே ஐந்து மாடிகளில் யார் எந்தப் பாலிசியைத் திறந்தாலும் இங்கேதான் ஒரு விளக்கு சிமிட்டும். பெயர்ப்பலகையில் சர்வர் அறை என்று இருக்கிறது. அலுவலகத்தில் எல்லாருக்கும் அது ஐஸ் ரூம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அவள் செங்கல் நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் உள்ளே உட்கார்ந்திருப்பாள். அந்தச் சட்டையின் இடக்கை வலக்கையைவிட நாலு விரல்கடை நீளம். மடித்துவிடுவாள், சற்று நேரத்தில் மடிப்பு அவிழ்ந்து உள்ளங்கையை மூடும், மறுபடி மடிப்பாள். கம்பளியக்கா என்ற பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

வந்ததும் முதல் வேலையாக அலமாரிகளின் பின்பக்கம் போவாள். கணினிகள் முன்பக்கமாகக் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கமாகச் சூடாக விடும். அந்தச் சூட்டில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே வரிசையாக நடப்பாள். "ம், நல்லா இருக்கே. நீயும் நல்லா இருக்கே. உனக்கென்னடா, கொஞ்சம் கொதிக்குது?" வெப்பத்தைக் காட்டும் திரை சுவரில் இருக்கத்தான் செய்கிறது. அதையும் பார்ப்பாள், கையால் பார்த்த பிறகு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் நெற்றிக்குத்தானே கை போகும்.

இத்தனை வருஷக் குளிர் உடம்பில் ஊறிவிட்டதால், வீட்டில் அவளுக்கு எந்நேரமும் அனல். கணவரோ பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து வெந்தவர். கொஞ்சம் காற்று பட்டாலும் அவருக்கு நடுங்கும். "அடுப்பையும் ஐஸ்கட்டியையும் ஒரே வீட்டுல குடி வச்சுட்டாங்க" என்பார். மின்விசிறித் திருகை அவள் ஐந்தில் வைப்பாள். அவள் சமையலறைக்குள் நுழைந்ததும் அவர் ஒன்றில் வைப்பார். பலகாலச் சண்டைக்குப் பிறகு மூன்று என்று சமாதானமாகியிருக்கிறது. மூன்றில் அவளுக்கும் வேர்க்கிறது, அவருக்கும் நடுங்குகிறது.

அந்தக் காலத்தில் ஐஸ் ரூமில் ஆளில்லாத நேரமே கிடையாது. மத்தியானம் ஆனால் லிஃப்ட்காரர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வருவார். "அஞ்சே நிமிஷம்க்கா" என்பார். அரை மணி உட்காருவார். தட்டச்சுப் பிரிவில் யாராவது பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் ஏழாம் மாதத்திலிருந்து அவளுக்கு இங்கேதான் சாப்பாடு. கல்யாணப் பேச்சு, மாமியார் பேச்சு, மேலாளரைப் பற்றிய பேச்சு எல்லாவற்றையும் அந்தக் கணினிகள் கேட்டிருக்கின்றன. நல்லவேளை, எதையும் பதிவு செய்துவைக்கவில்லை.

அந்த அறையின் தரை பலகைத் தரை. பலகைக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு வெற்றிடம். அதில்தான் குளிர்காற்று ஓடும், துளைகள் வழியாக மேலே வந்து கணினிகளுக்கு முன்னால் வீசும். இது பொறியாளர்கள் போட்ட கணக்கு. அலுவலகத்துக்காரர்கள் போட்ட கணக்கு வேறு: அவர்களுக்கு அது குளிர்சாதனப் பெட்டி. ஒரு பலகையைத் தூக்கினால் கணக்குப் பிரிவின் தண்ணீர்ப் புட்டிகள். இன்னொன்றைத் தூக்கினால் யாருடைய குழந்தைக்கோ வாங்கிய சாக்லேட். யாராவது சர்க்கரை நோய்க்காரர் இருந்தால் அவருடைய ஊசி மருந்து. எந்தப் பலகைக்குக் கீழே யாருடையது என்று கம்பளியக்காவுக்கு மனப்பாடம்.

இந்த அறையில் அவள் தனியாகச் சேரவில்லை. ஒரே நாளில் இருவர் வேலைக்கு வந்தார்கள். ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். இவளுக்குக் குளிரும், அவளுக்கு வேர்க்கும். பல்லாண்டுகளாக அவள் வாயிலிருந்து காலையில் வரும் முதல் வார்த்தை, "ஒரே புழுக்கமா இருக்குடி." அதனால் அவள் புழுக்கம். கம்பளியையும் புழுக்கத்தையும் யாரும் தனித்தனியாகக் கூப்பிட்டதில்லை. புழுக்கம் வீட்டிலிருந்து ஒரு சின்ன நீல மேசைவிசிறி கொண்டுவந்து வைத்திருந்தாள். தினமும் அதைப் போட்டுவிடுவது கம்பளியக்காவின் வேலை. போட்டதும், "கண்ணுல அடிக்குதுடி, கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்து" என்பாள். கையை நீட்டினால் அவளுக்கே எட்டும். நீட்டமாட்டாள்.

கம்பளிச் சட்டையும் புழுக்கம் பின்னியதுதான். தோழியின் பற்கள் தந்தியடிப்பதைப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தாள். ஒரு கையைப் பின்னி முடித்ததும் ஆர்வம் போய்விட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க மறந்திருந்து, பிறகு மறு கையை ஆரம்பித்தாள். அளவு எப்படிச் சரியாக வரும்? "போட்டுக்கோ. ஒரு கை உனக்கு, ஒரு கை வளர்ற உனக்கு" என்றாள். அப்போது இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது.

அறை எப்போதுமே அவ்வளவு குளிர் இல்லை. முதன்முதலில் கணினிகளை வைத்தபோது வெப்பம் இருபத்து நாலு டிகிரி. அது பதினெட்டுக்கு இறங்கிய கதையில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு காரணம் உண்டு. முதல் டிகிரி ஒரு பெரிய அதிகாரியால் போனது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் கண்ணாடிக் கதவுக்குள் ஒரு காலை வைத்து, "என்ன, குளிரவே இல்லையே? மிஷின் ரூம்னா ஒரு நடுக்கம் வேணாமா?" என்றார். அவர் கார் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு டிகிரி குறைந்தது. அடுத்தது ஒரு கோடையில். குளிரூட்டி படுத்துவிட, மொத்த அலுவலகமும் இறங்கிவந்து கோப்பு அட்டைகளால் கணினிகளுக்கு விசிறியது. சரியானதும், "கையிருப்பா இருக்கட்டும்" என்று ஒன்று குறைத்தார்கள்.

பிறகு கேக். மேலாளரின் பிரிவுபசாரத்துக்காக வாங்கிய கேக், அவருக்குத் தெரியக்கூடாது என்று பலகைக்கு அடியில் போனது. பெட்டி பெரிது. குளிர்காற்று வரும் வாயிலேயே உட்கார்ந்துவிட்டது. மத்தியானம் ஒரு வரிசைக் கணினிகள் மூச்சுமுட்டி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஐந்து மாடிகளிலும் வேலை நின்றது. மேலாளரே கோபமாக இறங்கிவந்து, தானே முட்டிபோட்டுப் பலகையைத் தூக்கினார். உள்ளே அவர் பெயரும் பூவும் போட்ட கேக். நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார். "கத்தி எங்கே?" என்றார். அன்றைக்கு எல்லாரும் தரையில் உட்கார்ந்து தின்றார்கள். கேக்கின் மீது யாரும் பழி போடவில்லை; அறைக்குக் குளிர் போதாது என்று முடிவாகி, இரண்டு டிகிரி குறைந்தது.

கடைசி இரண்டு புழுக்கத்துடையவை. உடம்பு உள்ளிருந்தே எரிகிற வயது அவளுக்கு வந்தது. "வயித்துக்குள்ள அடுப்பு பத்த வச்ச மாதிரி இருக்குடி" என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய், சுவரில் இருந்த பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள். "மிஷினுக்குத்தான்டி" என்று கண்ணடித்தாள். கம்பளியக்கா சட்டையின் நீளமான கையை அவிழ்த்து விரல்களை மூடிக்கொண்டாள். பதினெட்டு என்று அப்படி ஆனது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புழுக்கம் ஆஸ்பத்திரியில் படுத்தாள். பார்க்கப் போனபோது நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏசி எத்தனைல வச்சிருக்கே?" என்று கேட்டாள்.

"உன் பதினெட்டுலதான்."

"மாத்திடாதே. இங்க வெந்து சாகுறேன். வந்து உட்காரணும்."

வரவில்லை. அவளுடைய நாற்காலி மேசையின் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. நீல விசிறி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. உறையின் மேல் தூசி படிய விடமாட்டாள் கம்பளியக்கா.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது போன வருஷம். அந்த அறை குடிக்கும் மின்சாரம் ஆறு மாதத்தில் பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் கணினிகளை வேறொரு நகரத்தில் வாடகைக்கு எடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அறையில் பழைய கோப்புகளை அடுக்குவார்கள். கம்பளியக்காவுக்கு நாலாம் மாடியில் ஒரு மேசை. மேசை எங்கே என்ற கவலை அவளுக்கு இல்லை. அந்த அறை போனால் தன் வாழ்க்கையில் பாதி போன மாதிரி என்று அவளுக்குத் தோன்றியது, அதை அப்படியே கணவரிடம் சொல்லவும் செய்தாள்.

ஆணையோடு ஒரு மின்சிக்கனப் பொறியாளரும் வந்தார். நாற்பது வயது, மெதுவான பேச்சு. அறையைச் சுற்றிப் பார்த்தார், பலகைகளைத் தூக்கிப் பார்த்தார், புட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், மிஷின் எவ்வளவு கரண்ட் தின்னுதோ, அதைக் குளிர வைக்க அதே அளவு தின்னுது. இதெல்லாம் இருபத்தேழு வரைக்கும் தாங்கும். இருபத்து நாலு வச்சா போதும். நீங்க தாங்குவீங்களாங்கிறதுதான் சந்தேகம்."

"நான் எதையும் தாங்குவேன் சார்" என்றாள். முகம் மட்டும் சரியில்லை.

சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலும் அலுவலகத்திலும் விசிறி அணைத்தே வாழ்ந்தவள், தன் அறையில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாளே சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதலில் வேலையில்லாத கணினிகள். எது யாருக்கு ஓடுகிறது என்று ஒவ்வொரு பிரிவாகக் கேட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். "வயரைப் புடுங்கி வச்சிடுவோம் சார். யார் கத்துறாங்கன்னு பாப்போம்" என்றாள். எங்கள் தொழிலிலும் அதுதான் வழக்கம் என்றார் பொறியாளர். ஒன்றைப் பிடுங்கியதும் சிற்றுண்டிச் சாலைக்காரர் மேலிருந்து ஓடிவந்தார்: அன்றைய சாப்பாடு என்னவென்று காட்டும் பலகை இருண்டுபோய், வரிசையில் நின்றவர்கள் அவரைப் பிய்த்து எடுத்துவிட்டார்களாம். அதைத் திரும்பச் செருகினார்கள். மற்றவற்றுக்கு ஒரு முனகல்கூட இல்லை.

ஒரு கணினி, என்றோ நிறுத்தப்பட்ட ஒரு திட்டத்தைப் பற்றித் தினமும் அறிக்கை எழுதி, ஓய்வு பெற்றுப் போய்விட்ட ஓர் அதிகாரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. "பாவம், படிக்க ஆளில்லன்னு தெரியாமலே எழுதியிருக்கு" என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அணைத்தாள். வீட்டில் சொன்னபோது கணவர் துள்ளினார். "நிக்கிற வண்டியில இன்ஜினை ஓட விட்டா எங்க டிப்போவுல உரிச்சு உப்புத் தடவிடுவாங்க. நீங்க இத்தனை வருஷமா ஓட விட்டிருக்கீங்க!" டீசல் மிச்சம் பிடித்ததற்காக அவர் வாங்கிய கடிகாரம் சுவரில் இருக்கிறது. அன்றைக்கு அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அலமாரிகளில் காலியான இடங்களைத் தகடு வைத்து அடைத்தார்கள். பின்பக்கச் சூடு அந்தச் சந்து வழியாக முன்பக்கம் வந்துகொண்டிருந்தது. கணினிகள் தாங்கள் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தன. பலகைக்கு அடியில் இருந்த புட்டிகளையெல்லாம் எடுத்து, அவரவர் மேசைக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். கணக்குப் பிரிவுக்காரர் புட்டியை வாங்கிக்கொண்டு, "இதையும் அணைச்சாச்சா?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

பிறகு டிகிரிகள். ஒரு வாரத்துக்கு ஒன்றாக ஏற்றலாம் என்று முடிவானது. எந்த டிகிரி யாருடையது என்று குளிரூட்டிக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். "மொதல்ல அந்த அதிகாரியோடதைத் திருப்பிக் கொடுப்போம் சார்" என்று பத்தொன்பதில் வைத்தாள். பொறியாளர் எதுவும் புரியாமல் தலையாட்டினார். அடுத்த வாரம் கோடை டிகிரி. அதற்கடுத்த இரண்டு வாரம் கேக் டிகிரிகள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அலமாரிகளின் பின்னால் உள்ளங்கையோடு நாலைந்து தடவை நடந்தாள். எந்தக் கணினியும் முகம் சுளிக்கவில்லை.

முகம் சுளித்தது மனிதர்கள்தான். இருபத்திரண்டில் லிஃப்ட்காரர் வந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் இருந்தார். "என்னக்கா, வீடு மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர், பிறகு வரவில்லை. யாருமே வரவில்லை. கண்ணாடிக் கதவு நாள் முழுக்கச் சாத்தியே இருந்தது. அந்த அரட்டைகளையும் பலகைக்கு அடியில் ஒளித்த கேக்கையும் நினைத்துக்கொண்டே அலமாரிகளின் பின்னால் நடந்தாள். குளிருக்காகத்தான் வந்தார்களா, நமக்காக இல்லையா என்று ஒரு நாள் கணினிகளிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

மின்சார அளவுமானியின் முள் பழைய செலவில் பாதியை நெருங்கி, கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. "இன்னும் ரெண்டு டிகிரி மேடம், வந்துடும்" என்றார் பொறியாளர். மிச்சம் இருந்தது அந்த இரண்டுதான். வடிகட்டியைச் சுத்தம் செய்யட்டும் என்றாள். வேலை குறைந்த நாளாகப் பார்ப்போம் என்றாள். தலைவலி என்று ஒரு நாள் வரவேயில்லை. கெடு முடிய ஒரே ஒரு வாரம் இருந்தது. பொறியாளர் அவளை அவசரப்படுத்தவில்லை, அவளுக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "மாத்திடாதேன்னு அவ சொல்லிட்டுப் போனா. மாத்தலைன்னா அந்த ரூமே இருக்காது. நாற்காலியைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். வேர்வை வேறு. அவர் ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். எழுந்துபோய் மின்விசிறியை ஐந்தில் வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, பழையபடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ரொம்ப நேரம் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கூட்ட அறை, கோப்பு அறை, வராந்தா விளக்கு எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டே கீழே வந்தாள். பொறியாளர் அளவுமானி முன்னால் நின்றிருந்தார். அவள் நேராகச் சுவருக்குப் போனாள். கம்பளிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பொத்தானை ஒரு முறை அழுத்தினாள். மூச்சை இழுத்துவிட்டு இன்னொரு முறை அழுத்தினாள். இருபத்து நாலு. குளிரூட்டியின் இரைச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. கணினிகள் தங்களுக்குள் முணுமுணுப்பது முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டது. மத்தியானத்துக்குள் முள் பாதிக்குக் கீழே இறங்கியது. "ரூம் உங்களுக்குத்தான் மேடம், யாரும் தொட மாட்டாங்க" என்றார் பொறியாளர், சொந்த வீட்டைக் காப்பாற்றியவர் போலச் சிரித்துக்கொண்டே.

அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. மேசைக்குப் போய், நீல விசிறியின் பிளாஸ்டிக் உறையை எடுத்து மடித்து வைத்தாள். இறக்கைகளை முந்தானையால் துடைத்தாள். வயரைச் செருகி, விசிறியை மேசையின் அந்தப் பக்கம் திருப்பிவைத்துப் பொத்தானை அழுத்தினாள். ஒருமுறை முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

"மேடம், அங்க யாரும்..." என்று ஆரம்பித்த பொறியாளர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் புழுக்கத்தின் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, விசிறியின் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டாள்.